இடைவேளைக்குப் பிறகு நீதி

நீதிக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த பொதுமக்களுக்கு ஒரு நற்செய்தி. இங்கிலாந்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மேல்முறையீடு வேண்டாம், சீராய்வு மனு வேண்டாம், சீனியர் வக்கீலின் குமாஸ்தாவைத் தனியாகக் 'கவனிக்க'வும் வேண்டாம். நாலு எபிசோடில் ஒரு டிவி தொடர் எடுத்தால் போதும்.

கதை இதுதான். பிரிட்டிஷ் தபால் நிறுவனம் 1999 முதல் தன் கிளை அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்றொரு கணக்கு மென்பொருளை இறக்கியது. ஃபுஜிட்சு கம்பெனிச் சரக்கு. அதற்குக் கூட்டல் சரியாக வரவில்லை. கல்லாவில் இல்லாத பணத்தை இருந்ததாகக் காட்டிவிட்டு, மறுநாள் அதையே காணோம் என்றது. தபால் நிறுவனம் மெஷினைச் சந்தேகிக்குமா? மனிதர்களைத்தான் சந்தேகித்தது. கிளை அஞ்சலகம் நடத்திப் பிழைத்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருடர்கள், மோசடிக்காரர்கள், பொய்க்கணக்கு எழுதியவர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். எட்டு வாரக் கர்ப்பிணி ஒருவர் சிறைக்குப் போனார். வீட்டை விற்றுப் 'பற்றாக்குறை'யைக் கட்டியவர்கள் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளில்தான் கோளாறு என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. சொல்லி என்ன? பெரும்பாலானவர்கள் நெற்றியில் குத்திய குற்றவாளி முத்திரை அப்படியே இருந்தது. ஒவ்வொருவராக மனுப் போடுங்கள், பார்ப்போம் என்றார்கள்.

2024 ஜனவரி முதல் வாரத்தில் ஐ.டி.வி. இதைத் தொடராக்கி நாலு இரவு ஒளிபரப்பியது. நாடு சோபாவில் உட்கார்ந்து அழுதது. பத்தே நாளில் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் எழுந்து புதுச் சட்டம் வருகிறது என்றார். மே மாதம் சட்டம் நிறைவேறி, நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனை ஒரே வீச்சில் ரத்தானது. இருபது வருஷமாக அதே ஆவணம், அதே சாட்சி, அதே கண்ணீர். புதிதாகச் சேர்ந்தது டோபி ஜோன்ஸ் என்ற நடிகரும் பின்னணி இசையும் மட்டுமே.

ஆகவே மாட்சிமை பொருந்திய அரசுகளுக்கு என் யோசனை: சட்டத் துறையைக் கலைத்துவிட்டு, கோர்ட்டுகளை அப்படியே சினிமாக்காரர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பு. நடுவில் பாப்கார்ன்.

கணக்குக் கேட்பார்கள். இந்தியாவில் நிலுவையில் உள்ள வழக்குகள் 5 கோடிக்கு மேல். வருஷத்துக்குச் சுமார் 2,000 படம் எடுக்கிறோம். எல்லாப் படத்தையும் கோர்ட் படமாகவே எடுத்தாலும் 25,000 வருஷம் ஆகும். கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போதைய ஏற்பாடு மட்டும் என்ன வாழ்கிறது? 2018இல் நிதி ஆயோக் போட்ட கணக்கில், அன்றைய வேகத்தில் போனால் அன்றைய நிலுவையைத் தீர்க்க 324 வருஷம். அப்போது நிலுவை மூன்று கோடியைக்கூடத் தொடவில்லை. 324க்கும் 25,000க்கும் பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர், ரிமாண்டில் ஒரு ராத்திரிகூட இருந்து பார்க்காதவர்.

எல்லார் வழக்கையும் படமெடுக்க முடியாது என்றால் யாருடையதை எடுப்பது? இதற்கு ஹாலிவுட் எப்போதோ விதி வகுத்துவிட்டது. கட்சிக்காரன் எக்கேடாவது கெடட்டும். வக்கீல் அழகாக இருக்க வேண்டும். 1962இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் டாம் ராபின்சன் என்ற கறுப்பர், செய்யாத குற்றத்துக்கு அலபாமா வெள்ளையர் ஜூரியால் தண்டிக்கப்பட்டு, தப்பி ஓடப் பார்த்ததாகச் சுடப்பட்டுச் சாகிறார். வழக்குத் தோற்றது, கட்சிக்காரன் பிணம். ஆனால் வாதாடிய வக்கீலாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர். 2003இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம், நூறாண்டு சினிமாவின் தலைசிறந்த நாயகன் என்று அந்த வக்கீலைத்தான் முதலிடத்தில் வைத்தது. தோற்ற வழக்குக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நம் ஊர் வக்கீல்கள் பலர் எப்போதோ சிலை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய ஹார்ப்பர் லீயின் ஊர் அலபாமாவின் மன்றோவில். பழைய கோர்ட் கட்டடத்தை மியூசியமாக்கி, வருஷா வருஷம் வசந்த காலத்தில் அதே கதையை நாடகமாகப் போட்டு, வருகிறவர்களைக் கண்ணீர் மல்க அனுப்பிவைக்கும் ஊர். அதே வட்டாரத்தில்தான் 1987இல் வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பரை ஒரு கொலைக்காகப் பிடித்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டு வாசலில் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே இருந்ததை ஒரு தெருவே பார்த்தது. பார்த்தவர்கள் கறுப்பர்கள், எனவே பார்த்தது செல்லாது. விசாரணை தொடங்கும் முன்னாலேயே அவரை மரண தண்டனைக் கைதிகள் கொட்டடியில் ஒரு வருஷத்துக்கு மேல் அடைத்தார்கள். விசாரணை வந்தது, ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது. நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதித்தார். நீதிபதியின் பெயர் ராபர்ட் ஈ. லீ கீ. அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலத் தளபதியின் பெயரை அப்படியே சூடியவர். எந்தக் கதாசிரியராவது வில்லனுக்கு இப்படிப் பெயர் வைத்தால், 'ரொம்ப ஓவர்' என்று இயக்குநரே அடித்துவிடுவார். பிரையன் ஸ்டீவன்சன் என்ற வக்கீல் பல வருஷம் போராடி 1993இல் மெக்மில்லியனை வெளியே கொண்டுவந்தார். 2019இல் அதுவும் 'ஜஸ்ட் மெர்சி' என்று படமானது. அங்கேயும் நாயகன் வக்கீல்தான். போகட்டும், இந்த வக்கீலாவது ஜெயித்தார்.

அமெரிக்கக் கோர்ட் படம் என்றால் '12 ஆங்கிரி மென்'னைத் தொடாமல் போகக் கூடாது என்பது சினிமா சங்கங்களின் எழுதாத சட்டம். 1957, ஒரே அறை, 96 நிமிஷம். குடிசைப் பகுதிப் பையன் ஒருவன் கொலைக் கூண்டில். ஜூரியில் பதினோரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா ஒருவர் மட்டும் 'பேசிப் பார்ப்போமே' என்கிறார். பேசிப் பேசிப் பையன் பிழைக்கிறான். அருமையான படம். நானும் கைதட்டியவன்தான். ஆனால் அந்த அறைக்குள் நிஜத்தில் எத்தனை பேர் வழக்குப் போகிறது? அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012இல் சொன்ன கணக்கு: மத்திய வழக்குகளில் 97 சதவீதத் தண்டனைகளும் மாநில வழக்குகளில் 94 சதவீதத் தண்டனைகளும் 'ஒத்துக்கொள்கிறேன் அய்யா' என்று குற்றவாளியே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவை. ஒத்துக்கொண்டால் இரண்டு வருஷம், விசாரணை கேட்டால் பதினைந்து வருஷம் என்று பேரம் பேசினால், காந்தி பிறந்த நாட்டிலும் கையெழுத்துத்தான் விழும். பன்னிரண்டு பேர் கோபப்படுவதற்கு நாற்காலி தயார். உட்காரத்தான் வேலையில்லை.

கையெழுத்துப் போட மறுத்த ஒரு பையனையும் பார்க்கலாம். காலீஃப் பிரௌடர், நியூயார்க். 2010இல் பதினாறு வயது. ஒரு முதுகுப்பையைத் திருடியதாகப் பிடித்தார்கள். ஜாமீன் தொகை 3,000 டாலர், வீட்டில் இல்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருஷம், அதில் பெரும்பகுதி தனிமைக் கொட்டடி. ஒத்துக்கொள், வீட்டுக்குப் போ என்று ஆசை காட்டினார்கள். நான் திருடவில்லை என்று நின்றான். 2013இல் வழக்கை நடத்த முடியவில்லை என்று கைவிட்டார்கள். விசாரணை என்ற ஒன்று நடக்கவே இல்லை. 2015இல் தூக்கு மாட்டிக்கொண்டான். அதன் பிறகு ஆவணத் தொடர் வந்தது. நன்றாக ஓடியது.

ஜப்பானுக்கு வந்தால், அங்கே வழக்குத் தொடுத்தால் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனை. அந்த அழகை மசாயுகி சுவோ 2006இல் ஒரு படமாக எடுத்துக் காட்டினார்: கூட்ட ரயிலில் ஒரு பெண்ணைச் சீண்டியதாகப் பிடிபட்ட இளைஞன், செய்யவில்லை என்று சொன்ன குற்றத்துக்காகவே சின்னாபின்னமாகிறான். ஆனால் படத்தை நிஜம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. இவாவோ ஹகமாதா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரரை 1966இல் கொலை வழக்கில் பிடித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, மிசோ என்ற சோயா விழுது ஊறும் தொட்டிக்குள்ளிருந்து ரத்தக் கறைத் துணிகளை 'கண்டெடுத்தார்கள்'. பேன்ட்டை மேல்முறையீட்டுக் கோர்ட்டில் அவருக்கே போட்டுப் பார்த்தார்கள். இடுப்புக்கு ஏறவில்லை. சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் மொத்தத் தியேட்டரும் விசிலடித்து, படம் முடிந்திருக்கும். நிஜக் கோர்ட் பேன்ட்டை மடித்து வைத்துவிட்டு மரண தண்டனையை உறுதி செய்தது. அந்த மரண தண்டனையை 1968இல் எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவர் 2007இல் வாய் திறந்து, அவர் நிரபராதி என்றுதான் அப்போதே நினைத்தேன் என்றார். நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்! 2014இல் ஹகமாதாவை வெளியே விட்டார்கள். 2024 செப்டம்பரில், 88 வயதில், குற்றமற்றவர் என்றும் சாட்சியம் ஜோடிக்கப்பட்டது என்றும் தீர்ப்பானது. தினம் காலையில் கதவு திறக்கும் சத்தம் தனக்கான தூக்கோ என்று நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த மனிதருக்கு, அந்தத் தீர்ப்பை முழுதாகப் புரிந்துகொள்ளும் மனநிலை மிச்சமில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். கோர்ட் அவமதிப்பு வராதபடி எழுதப் பார்க்கிறேன்.

தமிழனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தது சினிமாதான். 1952இல் 'பராசக்தி' கூண்டில் சிவாஜி கணேசன் பேசப் பேச, நீதிபதி குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நம் ஜனத்துக்கு ஒரு நம்பிக்கை: கூண்டில் ஏறினால் பேசலாம். 1984இல் 'விதி' படத்தின் கோர்ட் வசனம் கேசட்டாக வந்து, கல்யாண வீட்டு மைக்செட்டில் மாப்பிள்ளை அழைப்பின்போதே அலறியது. மாப்பிள்ளைக்கு எச்சரிக்கையோ என்னவோ. நடுவில் நூறு படங்களில் நீதிபதிகள் சுத்தியலால் மேசையை உடைத்தார்கள். இந்தியக் கோர்ட்டில் சுத்தியல் கிடையாது. இந்த வேஷத்தை நமக்குத் தைத்துக்கொடுத்த வெள்ளைக்காரனின் குற்றவியல் கோர்ட்டிலும் அது இருந்ததில்லை. பட்டுத் துணி சுற்றிய கீதைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவதும் 1969ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தில் இல்லை. இதெல்லாம் சின்னப் பொய்கள், மன்னித்துவிடலாம். பெரிய பொய் வேறு: கோர்ட்டில் உன்னை யாரோ கவனித்துக் கேட்கிறார்கள் என்பது.

காலை பத்தரைக்கு ஏதாவதொரு மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் போய் நின்று பாருங்கள். டவாலி ஒரு பெயரை மூன்று தடவை கூவுவார். மூன்றும் மூன்று பெயராகக் காதில் விழும். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஒதுங்கப் போயிருந்தால் பிடிவாரண்ட். போகாமல் அடக்கிக்கொண்டு நின்றிருந்தால், "அய்யா லீவு, இன்சார்ஜ் கோர்ட்டு, அடுத்த மாசம் பதினேழு" என்று பெஞ்ச் கிளார்க் நிமிராமலே சொல்வார். தேதியை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு, வக்கீலுக்கு வாய்தா ஃபீஸ் போச்சு. ஜாமீன் கிடைத்தவர் பாக்கியசாலி என்று நினைக்காதீர்கள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்கள் பெயரில் வீட்டுவரி ரசீது வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவனுக்குத் தெரிந்தவர்களும் புறம்போக்கில்தான் இருப்பார்கள். ஜாமீன் உத்தரவு வெளியே, ஆள் உள்ளே. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். நாலில் மூன்று பேர்!

1993இல் 'தாமினி' படத்தில் சன்னி தியோல் வாய்தா கலாச்சாரத்தை எதிர்த்துக் கத்திய கத்தில் தியேட்டர் கூரை பெயர்ந்தது. கத்தியவருக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். வாய்தாவை வாய்தாவாகவே விட்டுவிட்டார்கள்.

அதே 1993இல்தான் கம்மாபுரம் காவல் நிலைய லாக்கப் மரணம். அது 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' ஆக வந்தது. சூர்யா நடித்த வக்கீல் சந்துரு நிஜ மனிதர். பின்னால் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர். ஐஎம்டிபியில் 9.6 வாங்கி உலகப் படங்களையெல்லாம் தாண்டியது. முதலமைச்சர் பார்த்து நெகிழ்ந்து கடிதம் எழுதினார். தமிழ்நாடே லாக்கப் சித்திரவதையைப் பற்றி விவாதிக்கப் போகிறது என்று வெள்ளந்தியாக நம்பியவர்களில் நானும் உண்டு. விவாதித்தது எதை? வில்லன் எஸ்.ஐ. வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரை. அதிலிருந்த அக்கினிக் குண்டம் எங்கள் சாதி அடையாளம் என்று ஐந்து கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. ஒரு மனிதனை அடித்தே கொன்ற கதையில் இவர்கள் கண்ணுக்குத் தெரிந்த காயம் அந்தக் காலண்டர் ஒன்றுதான்! படக்குழு படத்தை மாற்றியது. படத்தின்மேல் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் 2022இல் சில மாதங்களிலேயே ரத்தும் செய்துவிட்டது. பார்த்தீர்களா, நினைத்தால் நம் கோர்ட்டுகளும் வேகமாகத்தான் ஓடுகின்றன.

சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஊரடங்கில் கடையைச் சாத்த நேரமானது என்று காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டது 2020 ஜூனில். 2025 ஜூனில் ஐந்தாண்டு நிறைந்தபோதும் வழக்கு மதுரைக் கோர்ட்டில் விசாரணையில்தான் இருந்தது. அதே மாதம் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் அடியில் செத்தார். யாரோ ஒருவர் கழிப்பறை ஜன்னல் வழியாக மறைந்து எடுத்த வீடியோ வெளியே வந்தது. அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கேமரா இருந்தால் கைது, இல்லாவிட்டால் 'வலிப்பு வந்து இறந்தார்'. என் யோசனை எவ்வளவு யதார்த்தமானது என்று இப்போது புரிகிறதா?

இந்த வியாபாரத்தில் சேராத ஒரு படம் உண்டு. அதனால்தான் அது ஓடவில்லை. சைதன்ய தம்ஹானே 2014இல் எடுத்த 'கோர்ட்'. நாராயண் காம்ப்ளே என்ற தலித் பாடகர். சாக்கடைத் தொழிலாளி ஒருவர் செத்ததற்கு, இவர் பாடிய பாட்டுத்தான் அவரைத் தற்கொலைக்குத் தூண்டியது என்று வழக்கு. செத்தவரின் மனைவி கூண்டில் நின்று, எந்தக் குரலேற்றமும் இல்லாமல் சொல்கிறார்: அவர் மேன்ஹோலைத் திறந்ததும் ஒரு கல்லைப் போட்டுப் பார்ப்பார்; கரப்பான் பூச்சி வெளியே வந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்று அர்த்தம், இறங்குவார். பாதுகாப்புக் கருவி? கரப்பான்தான் கருவி. வேறெந்தப் படமானாலும் இந்த இடத்தில் வக்கீல் திரும்பிக் கேமராவைப் பார்த்து ஐந்து நிமிஷம் பேசியிருப்பார், நாம் விசிலடித்திருப்போம். இந்தப் படத்தில் நீதிபதி ஸ்டெனோவுக்கு வாசகம் சொல்கிறார், அடுத்த வாய்தா. வேறொரு நாள், ஒரு பெண்மணி கையில்லாத உடை போட்டு வந்தார் என்று அவர் வழக்கையே எடுக்க மறுக்கிறார். பிறகு கோடை விடுமுறை. காம்ப்ளே உள்ளே. நீதிபதி குடும்பத்தோடு ரிசார்ட்டில், பேச்சு வராத ஒரு குழந்தைக்குப் பெயரை மாற்றச் சொல்லி எண் ஜோதிடம் பார்க்கிறார். பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். கத்தி எழுப்பிய பிள்ளைகளில் ஒருவனுக்கு அறை விடுகிறார். படத்தில் அவர் உடனடியாக வழங்கும் ஒரே தீர்ப்பு அந்த அறை.

அந்தப் படத்துக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், ஆஸ்கருக்கும் அனுப்பினார்கள். படத்தைப் பார்த்து அரசு எதையாவது கற்றுக்கொண்டதா என்றால், கற்றுக்கொண்டது. 2020 செப்டம்பரில் கபீர் கலா மஞ்ச் என்ற கலைக்குழுவின் பாடகர்களை நிஜமாகவே உள்ளே தள்ளியது, படத்தில் வந்த அதே ஊபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில். அடுத்த மாதம், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை ராஞ்சியிலிருந்து பிடித்துவந்து தலோஜா சிறையில் அடைத்தது. எண்பது தாண்டிய வயது, பார்க்கின்சன் நோய். தம்ளரைப் பிடித்தால் கை நடுங்கித் தண்ணீர் மேலே கொட்டும். ஒரு ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு மனுப் போட்டார். என்.ஐ.ஏ. பதில் சொல்ல 20 நாள் அவகாசம் வாங்கியது. இருபது நாள் ஆழ்ந்து ஆராய்ந்து, எங்களிடம் ஸ்ட்ரா இல்லை என்று பதில் தாக்கல் செய்தது. இதைக் கற்பனையாக எழுதும் துணிச்சல் எந்த வசனகர்த்தாவுக்கும் கிடையாது. 2021 ஜூலை 5ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் ஜாமீன் மனுவைக் கையில் எடுத்தபோது, கட்சிக்காரர் அன்று மதியமே இறந்துவிட்டார் என்று தெரிவித்தார்கள். நீதிபதிகள் வருத்தம் தெரிவித்தார்கள்.

இதையும் என்றாவது யாராவது படமெடுக்க வருவார்கள். தாராளமாக எடுங்கள். பாதிரியாராக நடிக்க நல்ல நடிகர் கிடைப்பார், கையை அழகாக நடுங்க வைப்பார். அந்த இருபது நாளை என்ன செய்வீர்கள்? '20 நாட்களுக்குப் பிறகு' என்று திரையில் எழுத்துப் போட்டுத் தாண்டிவிடலாம். அதற்குமேல் காட்டினால் லேக் என்று நாமே செல்போனை எடுத்துவிடுவோம். க்ளைமாக்ஸுக்கு முன்னாலேயே நாயகன் செத்துவிடுகிறானே என்று விநியோகஸ்தர் முனகுவார். பெயரை மாற்று, ஊரை மாற்று, அந்த ஸ்ட்ராவையும் வெட்டு என்று சென்சார் போர்டு சொல்லும்.

பதில் சொல்ல இருபது நாள் அவகாசம் கேளுங்கள்.